படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்துடன் ஜப்பான் செல்கிறோம். உறவினர்களுக்குக் கீ செயின் வாங்கி வாங்கி அலுத்துவிட்டது. அந்தந்த ஊரின் அடையாளம் பொறித்த அதிர்ஷ்டத் தாயத்துகளை வாங்கிவரலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாக வாங்கலாம். அதன் பெயர் ஒமாமோரி. உள்ளங்கைக்குள் அடங்கும் ஜரிகைத் துணிப்பை. உள்ளே தெய்வத்தின் பெயரோ வேண்டுதலோ எழுதிய காகிதம் அல்லது மரச்சில்லு. பெரும்பாலும் 500 முதல் 1,000 யென் வரை. சில்லறையாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் செய்யும் தவறு, படத்தை மட்டும் பார்த்து எடுப்பது. ஒரே மாதிரிப் பை பல நிறங்களில், பல வேண்டுதல்களுக்காக இருக்கும். 'கோட்சு அன்ஸென்' என்றால் சாலைப் பாதுகாப்பு, 'காகுக்யோ ஜோஜு' படிப்பு, 'என்முசுபி' நல்ல வரன், 'அன்ஸான்' சுகப்பிரசவம். நிறம் அழகாக இருக்கிறதே என்று கடைசியாகச் சொன்னதை எழுபது வயது மாமியாரிடம் நீட்டிவிடாதீர்கள். ஜப்பானிய எழுத்தைக் கைப்பேசியில் படித்துச் சொல்லும் பேரன் எல்லா வீட்டிலும் இருக்கிறான்.

அடுத்தது, எங்கே வாங்குவது? கோயில் வளாகத்துக்குள் இருக்கும் 'ஜுயோஷோ' என்ற இடத்தில்தான். வெளியே கடைவீதியில் அதே படத்துடன் தொங்குவது வெறும் நினைவுப்பொருள். அதுவும் கீ செயினும் ஒன்றுதான்.

கோயிலில் கிடைப்பவற்றில் ஊர் அடையாளம் வெறும் அலங்காரமாக இருப்பதில்லை. நாரா நகரின் கசுகா கோயிலில் எங்கும் மான்தான். அக்கோயிலின் தெய்வம் வெள்ளை மான் மீதேறி அங்கு வந்ததாக ஐதிகம். முருகனுக்கு மயில் போல என்று வீட்டில் சொன்னால் உடனே புரிந்துவிடும். கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி கோயிலில் நரி, தெய்வம் அல்ல, தூதுவன். ஃபுஜி மலைக்குப் போனால் ஃபுஜினோமியாவில் உள்ள செங்கென் தலைமைக் கோயிலைத் தவறவிடாதீர்கள். மலையேறும் பாதையின் எட்டாம் நிலைக்கு மேல் உச்சிவரை அக்கோயிலின் வளாகமே. மலை ஏறக் கால் ஒத்துழைக்காதவர்கள் டோக்கியோ டவருக்குப் போகலாம். 150 மீட்டர் உயரத்தில் உள்ள பிரதான தளத்தில் ஒரு சிறு சன்னதி இருக்கிறது, ஒமாமோரியும் கிடைக்கும்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லிக் கொடுங்கள். பையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரித்தால் காப்பு போய்விடும் என்பது நம்பிக்கை. இரண்டாவது, ஓராண்டு ஆனதும் வாங்கிய கோயிலிலேயே திருப்பிக் கொடுப்பதும், அங்கே அதைத் தீயில் இடுவதும் வழக்கம். அதற்காக யாரும் மறுபடி விமானம் ஏற வேண்டியதில்லை. நினைவாக வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால், வெள்ளைக் காகிதத்தில் வைத்து, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, மடித்து, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே அப்புறப்படுத்துங்கள். ஜப்பானியர் வீடுகளிலும் இப்படிச் செய்வதுண்டு.