மோட்டிவேஷன் எங்க கிடைக்கும்? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு. இன்ஜினியரிங் முடிச்சுட்டு நாலு வருஷமா டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். தினமும் காலைல யூடியூப்ல மோட்டிவேஷன் வீடியோ பார்ப்பேன், அன்னிக்கு எதையும் சாதிச்சிடலாம்னு இருக்கும், மறுநாள் புக்கத் தொறந்தாலே தூக்கம் வருது. கூடப் படிச்சவனுங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டானுங்க, கல்யாணம் காட்சின்னு இருக்கானுங்க. எனக்குன்னு வாழ்க்கைல ஒரு நோக்கம் இருக்கான்னே தெரியல. அது என்னன்னு தெரிஞ்சிட்டா தானா படிப்பேன்னு தோணுது. அத எப்படிக் கண்டுபிடிக்கறது?
– பெயர் வேண்டாம், மேலூர்

பதில்: தம்பி, "நோக்கம் தெரிஞ்சிட்டா தானா படிப்பேன்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரியிலதான் நீங்க மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க. முதல்ல நோக்கம், அப்புறம்தான் வேலைன்னு நினைக்கிறீங்க. நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசிப் பேருக்கு அது தலைகீழாத்தான் நடந்திருக்கு. ஏதோ ஒரு வேலையில இறங்கி கொஞ்சம் தூரம் போனதுக்கு அப்புறம், அட இதுக்காகத்தான் நாம இருக்கோம் போலன்னு மெதுவா பிடிபடும்.

உ.வே.சாமிநாதய்யர எடுத்துக்கோங்க. தமிழ்த்தாத்தான்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க, குரூப் 4 தமிழ்ப் பகுதியிலயும் அவரப் பத்திக் கேள்வி வரும், அதுக்காகவாவது இத முழுசாப் படிங்க. 1880ல அவருக்கு 25 வயசு, அதாவது உங்களைவிடச் சின்னவரு. கும்பகோணம் காலேஜ்ல தமிழ் ஆசிரியர் வேலை கிடைச்சிருச்சு, மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பாடம் கேட்டவருன்னு பேரும் இருக்கு. அந்த ஊர்ல முன்சீப்பா, அதாவது கோர்ட் நீதிபதியா இருந்த சேலம் ராமசாமி முதலியாரப் பாக்கப் போறாரு. அவரு என்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்கறாரு. இவரு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவைன்னு பெருமையா அடுக்கிக்கிட்டே போறாரு. முதலியார் முகத்துல ஒரு மலர்ச்சியும் இல்ல. சரி, சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா, மணிமேகலை படிச்சிருக்கீங்களான்னு கேக்கறாரு. இவரு படிக்கல. அவ்வளவு படிச்ச மனுஷன் அந்தப் புஸ்தகத்தக் கண்ணால கூடப் பாத்ததில்ல.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து என் பிறவிப் பயன் என்னன்னு அவரு உக்காந்து யோசிக்கல தம்பி. முதலியார்கிட்ட இருந்த கையெழுத்துப் பிரதிய வாங்கிப் படிக்க ஆரம்பிச்சாரு. பாதி புரியல, ஏன்னா அது சமண காப்பியம், அதுல வர்ற சமயச் சொல்லெல்லாம் அவருக்குப் புதுசு. அதே கும்பகோணத்துல சமணக் குடும்பங்க இருக்குன்னு தெரிஞ்சு அவங்க வீட்டுக்கே போயி, திண்ணையில உக்காந்து, தெரியலன்னு சொல்லிக் கேட்டுக் கத்துக்கிட்டாரு. அப்புறம் ஊர் ஊரா ஏட்டுச் சுவடி தேடி, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு, 1887ல சிந்தாமணி அச்சுல வருது. பின்னாடியே 1889ல பத்துப்பாட்டு, 1892ல சிலப்பதிகாரம், 1894ல புறநானூறு, 1898ல மணிமேகலை. பழைய தமிழ் நூல்களக் காப்பாத்தறதுதான் என் வாழ்க்கைன்னு முதல் நாளே அவருக்குத் தெரிஞ்சிருந்ததா? அன்னிக்கு அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, இந்தப் புஸ்தகம் எனக்குப் புரியல, புரிஞ்சாகணும்.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். 2024ல குரூப் 4க்கு முதல்ல அறிவிச்ச இடம் 6,244, விண்ணப்பிச்சவங்க 20 லட்சத்துக்கு மேல. இந்தக் கணக்குல கிடைக்காமப் போறது உங்க திறமைக்கு யாரும் குடுத்த தீர்ப்பு இல்ல, அத முதல்ல மனசுல போட்டுக்கோங்க. ஆனா நாலு வருஷம்ங்கறது நாலு வருஷம்தான், அதையும் நான் மூடி மறைக்க மாட்டேன். கடைசியா எழுதின பரீட்சையோட விடைக்குறிப்ப எடுத்து வச்சுக்கிட்டு எங்க எங்க மார்க் போச்சுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. மொத்தம் 200 கேள்வி, அதுல 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். நான் பாத்த நிறைய பசங்க தமிழ் நமக்குத் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டு கரண்ட் அஃபேர்ஸ்லயே உருண்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க எங்க விடறீங்கன்னு தெரிஞ்சாலே, முழு சிலபஸையும் நினைச்சு மலைச்சுப் போறது பாதி குறையும், தூக்கம் வர்றதும் அந்த மலைப்புலதான்.

காலைல வீடியோ பாக்கறத நிறுத்துங்கன்னு நேராவே சொல்றேன். அடுத்தவன் ஜெயிச்ச கதையக் கேக்கும்போது உங்க மனசு அந்த ஜெயிப்ப கொஞ்ச நேரம் தன்னோடதா அனுபவிச்சிடுது, அதுக்கப்புறம் எழுந்து போயி இந்திய அரசியலமைப்பு படிக்க எதுக்கு தெம்பு இருக்கும்? பீட்டர் கோல்விட்சர்னு ஒரு ஜெர்மன் உளவியல் பேராசிரியர், நாம தீர்மானம் பண்றது ஏன் செயலா மாற மாட்டேங்குதுன்னு ரொம்ப காலமா ஆராய்ஞ்சவரு. "நல்லா படிக்கணும்"ங்கற முடிவவிட "இது நடந்ததும் இத செய்வேன்"ங்கற முடிவு ரொம்ப அதிகமா நிறைவேறுதுன்னு அவரு காட்டினாரு. அதனால காலை டீ குடிச்சு டம்ளர் கழுவி வச்சதும் ஆறாம் வகுப்பு தமிழ்ப் புஸ்தகத்துல ஒரு பாடம், அப்படின்னு முடிவ ஒரு இடத்துல ஆணி அடிச்ச மாதிரி வைங்க. மூடு வந்துச்சா வரலையான்னு அந்த நேரத்துல கேக்கவே கேக்காதீங்க.

வீட்லயே தனியா படிக்கறதும் வேணாம். மேலூர்ல இருந்து மதுரை ஒண்ணும் தூரமில்ல, நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023ல திறந்தாங்க, போட்டித் தேர்வுக்குப் படிக்கற பசங்க பொண்ணுங்க நிறைய பேரு அங்கதான் இருக்காங்க. வாரத்துல ரெண்டு நாளாவது போயி அவங்களோட உக்காருங்க. இன்னொண்ணு, ஒரு பகுதி நேர வேலை பாருங்க, டியூஷன் எடுத்தாலும் சரி கடையில கணக்கு எழுதினாலும் சரி. படிப்பு கெட்டுடும்னு வீட்ல சொல்லுவாங்க. எனக்கென்னவோ கையில கொஞ்சம் சொந்தக் காசும், நீங்க வரலைன்னா ஏன் வரலன்னு கேக்க ஒரு ஆளும் இருந்தா படிப்பு கூடத்தான் செய்யும்னு படுது. எத்தனை தடவை எழுதறதுன்னு ஒரு எல்லையும் இப்பவே வீட்ல பேசி வச்சுக்கோங்க.

கடைசியா ஒரு விஷயம், இத லேசா எடுத்துக்காதீங்க. படிப்புல மட்டும்தான் ஆர்வம் இல்லையா, இல்ல முன்னாடி பிடிச்ச கிரிக்கெட், சாப்பாடு, ஃப்ரெண்ட்ஸ் எதுவுமே பிடிக்காம, தூக்கமும் கெட்டு ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுதா? ரெண்டாவதுன்னா அது சோம்பேறித்தனமே கிடையாது, மனச்சோர்வா இருக்கலாம், அதுக்கு வைத்தியம் இருக்கு. டெலி மானஸ்ங்கற மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, அரசாங்கம் நடத்தறது, காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

கேள்வி: வயசு 44. ப்ளஸ் டூல கணக்குல 200க்கு 196 வாங்கினேன், அந்த வருஷமே கல்யாணம் ஆயிடுச்சு. ரெண்டு பசங்களும் இப்ப ஹாஸ்டல்ல. காலைல பத்து மணிக்கெல்லாம் வேலை முடிஞ்சிடுது, அப்புறம் வீடே வெறிச்சோடிக் கெடக்கு. இனிமே நான் எதுக்குன்னு ஒரு கேள்வி வந்து நிக்குது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா டிவி பாரு, கோயிலுக்குப் போன்னு சொல்றார்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: சகோதரி, 26 வருஷம் கழிச்சும் அந்த 196 உங்களுக்கு ஞாபகம் இருக்கு. வேற எதையும் எழுதாம அத எழுதியிருக்கீங்க. மறந்து போனத யாரும் இப்படி எழுத மாட்டாங்க.

பசங்களோட பழைய ப்ளஸ் ஒன் கணக்குப் புஸ்தகம் வீட்ல இருக்கும், எடுத்து முக்கோணவியல் பாடத்துல ரெண்டு கணக்கு போட்டுப் பாருங்க. முதல் நாள் கை தடுமாறும், நாலாவது நாள் பழைய வேகத்துல கொஞ்சம் வரும், அப்ப உள்ள ஒரு சந்தோஷம் வருதா இல்லையான்னு மட்டும் கவனிங்க. வந்துச்சுன்னா உங்க தெருவுல பத்தாவது படிக்கற பிள்ளைங்கள்ல கணக்குல தடுமாறுற ஒண்ணு ரெண்ட சாயங்காலம் கூப்பிடுங்க. அஞ்சாறு பேர் வேண்டாம், ஒண்ணு ரெண்டு போதும். பின்னத்தையே தலைகீழா புரிஞ்சு வச்சுக்கிட்டு பயந்துக்கிட்டு இருக்கற ஒரு பொண்ணு, "ஆன்ட்டி இப்ப வருது"ன்னு சொல்ற நாள்ல உங்க கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

டிகிரி ஆசை இருந்தா அதுவும் முடியும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ல ஆரம்பிச்சது, வீட்ல இருந்தே படிக்கறவங்களுக்காகத்தான் அது. ப்ளஸ் டூ முடிச்ச உங்களுக்குத் தாராளமா இடம் கிடைக்கும், வயச ஒரு தடையா நினைக்காதீங்க. வீட்டுக்காரர்கிட்ட அனுமதி கேக்கற மாதிரி பேசாதீங்க, "நான் இத செய்யப் போறேன், சாயங்காலம் காபி மட்டும் நீங்க போட்டுக்கணும்"னு சொல்லுங்க. அவரு கெட்டவரா தெரியல, உங்களுக்கு இது எவ்வளவு பெருசுன்னு அவருக்கு இன்னும் தெரியல, அவ்வளவுதான்.

கேள்வி: பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். எதுலயும் பிடிப்பு இல்ல. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் 90க்கு மேல எடுத்தா 500 ரூபாய் தர்றேன்னேன், ரெண்டு மாசம் வேலை செஞ்சது, இப்ப ஆயிரம் கேக்கறான். பைக் வாங்கித் தர்றேன்னு சொல்லலாமா?
– ஒரு தகப்பன், சிவகாசி

பதில்: சார், பைக் வேண்டவே வேண்டாம். 18 வயசு ஆகாத பிள்ளை ஓட்டி மாட்டினா 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அது உங்களுக்கு. உயிர் பயம் தனி.

காசு விஷயத்துக்கு வர்றேன். எட்வர்ட் டெசின்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1971ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு. காலேஜ் பசங்ககிட்ட ஒரு கட்டை அடுக்கற புதிர குடுத்தாங்க, சுவாரசியமானது, சும்மா குடுத்தாலே விளையாடுவாங்க. ஒரு குழுவுக்கு மட்டும் நடுவுல புதிர் ஒண்ணு முடிச்சா இவ்வளவுன்னு காசு குடுத்துட்டு, அடுத்த தடவை நிறுத்திட்டாங்க. இடைவேளையில யாரும் பாக்காத மாதிரி விட்டப்ப, காசு வாங்கிப் பழகினவங்க அந்தப் புதிரத் தொடற நேரம் குறைஞ்சு போச்சு. உங்க வீட்ல நடக்கறதும் இதேதான். பின்னாடி டெசியும் ரிச்சர்ட் ரயன்ங்கறவரும் சேர்ந்து, மனுஷன் உள்ளேருந்து ஒண்ண செய்யணும்னா மூணு விஷயம் வேணும்னு சொன்னாங்க: இது நான் எடுத்த முடிவுங்கற உணர்வு, என்னால முடியுதுங்கற உணர்வு, என்னை மதிக்கற மனுஷங்க பக்கத்துல இருக்காங்கங்கற உணர்வு.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், அந்த குரூப்ப எடுத்தது யாரு? பயாலஜியா கம்ப்யூட்டர் சயின்ஸான்னு அவன்கிட்ட கேட்டீங்களா? கேக்கலன்னா அங்கேருந்து பேச்ச ஆரம்பிங்க. மார்க் பத்தி ஒரு மாசம் வாயே திறக்காதீங்க, கஷ்டம்தான், ஆனா செய்ங்க. ஞாயித்துக்கிழமை உங்க கூட வேலை நடக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, ஒரு சின்னப் பொறுப்ப முழுசா அவன்கிட்ட விட்டுட்டு நடுவுல கை வைக்காம இருங்க.

கேள்வி: 33 வயசு, சென்னை ஓஎம்ஆர்ல ஐடி வேலை. சம்பளம் நல்லா வருது, ஹோம் லோன் ஓடுது. ஆனா என்னோட முழு பொட்டன்ஷியல நான் தொடவே இல்லையோன்னு ராத்திரி தூக்கம் வராம யோசிக்கிறேன். ஸ்கூல்ல வாலிபால் டிஸ்ட்ரிக்ட் லெவல் ஆடினேன். வேலைய விட்டுடலாமான்னு கூட இருக்கு அக்கா.
– வாசகி, நாவலூர்

பதில்: தங்கச்சி, வேலைய விட வேண்டாம். லோன் பயத்தோட எதையும் ரசிச்சு செய்ய முடியாது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு தெரியும்ல? அஞ்சு வயசுல பஸ் ஏறி வலது கால் முட்டிக்குக் கீழ நசுங்கிப் போச்சு. அம்மா காய்கறி வித்து வளத்தாங்க. அவருக்கும் உங்கள மாதிரி வாலிபால்தான் பிடிச்சிருந்தது, ஸ்கூல் பி.டி. மாஸ்டர்தான் உயரம் தாண்டிப் பாருன்னு தள்ளி விட்டாரு. 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம். டோக்கியோல 1.86, வெள்ளி. 2024 பாரிஸ்ல 1.85, வெண்கலம். உயரத்த மட்டும் பாத்தா ஒவ்வொரு தடவையும் குறைஞ்சிருக்கு. ஆனா மூணு பாராலிம்பிக்ல வரிசையா மெடல் வாங்கின மனுஷன யாராவது பொட்டன்ஷியல் குறைஞ்சவருன்னு சொல்லுவாங்களா? முழுத் திறமைன்னா எப்பவும் மேல ஏறிக்கிட்டே இருக்கற கோடுன்னு ஆபீஸ் அப்ரைசல் நம்மள நம்ப வச்சிருக்கு. இருக்கற உடம்ப, இருக்கற வயச வச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப ஓடிவந்து தாண்டறதத்தான் நான் முழுத் திறமைன்னு சொல்லுவேன்.

நீங்க மறுபடி பந்தத் தொடுங்க. உங்க பக்கத்து அரசுப் பள்ளியில பி.டி. டீச்சரப் போயி பாருங்க, பொண்ணுங்க டீம் இருக்கா, சனிக்கிழமை காலைல நான் வந்து பிராக்டிஸ்க்கு உதவலாமான்னு கேளுங்க, தலைமையாசிரியர் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், ஒரு லெட்டர் எழுதிக் கையோட கொண்டு போங்க. டீம் இல்லன்னா உங்க அப்பார்ட்மெண்ட் பொண்ணுங்கள சேருங்க, ஆறு பேர் சேர்ந்தா போதும் மூணு மூணா ஆடலாம். இத்தனை வருஷம் நாற்காலியிலயே இருந்த உடம்பு, முட்டிய ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு ஆரம்பிங்க. முதல் மாசம் சர்வீஸும் பாஸும் மட்டும் ஆடுங்க, ஸ்மாஷ் அடிக்க எகிறிடாதீங்க.