கடலோர ஊர்க்காவல் படையினரின் பயிற்சிக்கு இடம்

வணக்கம் ஐயா. தேவிபட்டினத்தை அடுத்த உங்கள் ஊரில் ஊர்க்காவல் படையில் சேர்ந்துள்ள இருபது இளைஞர்கள் வாரந்தோறும் பயிற்சி செய்ய, கடற்கரைப் புறம்போக்கில் கொட்டகை போடலாமா, புயல் பாதுகாப்பு மையத்தைக் கேட்கலாமா என்று வினவியிருந்தீர்கள்.

கொட்டகை யோசனையைக் கைவிடுவது நல்லது. கடல் அலை ஏறி வரும் எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே நிற்கும் என்பதோடு, மணலில் அணிவகுப்பும் சரிப்படாது. குதிகாலை ஓங்கி ஊன்றினால் கணுக்கால் வரை புதைந்துவிடும்.

புயல் மையத்தை வகுப்புக்கும் முதலுதவிப் பயிற்சிக்கும் கேளுங்கள். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த மாவட்டத்தில், அந்த மாதங்களில் அக்கட்டடம் மக்களுக்காகக் காலியாக இருக்க வேண்டும்.

அணிவகுப்புக்கு அரசுப் பள்ளி மைதானமே ஏற்றது. நீங்களாகப் போய்க் கேட்காமல், படையின் மண்டலத் தளபதி வழியாகக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகக் கடிதத்துடன் தலைமையாசிரியரை அணுகுங்கள். மைதானத்துச் சீமைக்கருவேல முள்ளை உங்கள் பிள்ளைகளே அகற்றித் தருவதாகச் சொன்னால் பேச்சு எளிதாகும். அவர்களில் விசைப்படகில் செல்வோர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும் கரையில்தான் இருப்பார்கள். இடையில் பள்ளிக்கும் கோடை விடுமுறை என்பதால் நீண்ட பயிற்சியை அப்போது வையுங்கள்.

சீருடை வைக்க இரும்பு அலமாரி வாங்காதீர்கள். எங்கள் ஊரில் வாங்கியதன் கீல்கள் உப்புக்காற்றில் இரண்டே ஆண்டில் இற்றுப்போயின.

துப்பாக்கிப் பயிற்சிக்கு இடம் தேட வேண்டியதில்லை. அது காவல் துறையின் சுடுதளத்தில் மட்டுமே நடக்கும்.