மாலைத்தீவு: மாலை 6 மணிக்கு இறங்கும் டிக்கெட் வேண்டாம்

வணக்கம். முதல் நீண்ட பயணம், இரண்டு சின்னக் குழந்தைகள், ஜூலையில் பா அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் ரிசார்ட், விமானம் மாலேயில் இறங்குவது மாலை 6 மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

மாலேயிலிருந்து ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போகும் சீப்ளேன் (தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம்) பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். 6 மணிக்கு இறங்கினால் அன்றைக்கு அதைப் பிடிக்க முடியாது. ரிசார்ட்டில் முதல் இரவுக்குக் கட்டிய பணம் வீண், விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலே தீவில் அறைக்குத் தனிச் செலவு. மதியத்துக்குள் இறங்கும் விமானம் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள். கிடைக்கவே இல்லையென்றால், பா அட்டோலிலேயே உள்ள தரவந்தூ தீவு வரை உள்நாட்டு விமானம், அங்கிருந்து படகு என்று ஏற்பாடு செய்ய முடியுமா என ரிசார்ட்டிடம் கேளுங்கள். அது இருட்டிய பிறகும் போகும்.

சீப்ளேனில் பெட்டிக்குப் பொதுவாக ஆளுக்கு 20 கிலோதான். பெரிய விமானத்தில் அனுமதித்த எடையை நம்பிப் பெட்டியை நிரப்பாதீர்கள். குழந்தைகளின் மருந்து, நீச்சல் உடை, ஒரு மாற்றுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

ஜூலை மழைக்காலம்தான், கடலும் கொஞ்சம் கொந்தளிக்கும். ஆனால் பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் மான்டா திருக்கைகள் கூடுவதும் அந்த மாதங்களில்தான். அதற்காகவே நான் ஜூலையை மாற்றச் சொல்ல மாட்டேன்.

விசா வந்திறங்கியதும் இலவசமாகத் தருவார்கள். அப்புறம், ஐமுகா (IMUGA) என்ற மாலைத்தீவுக் குடிவரவுத் துறையின் இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். குழந்தைகளுக்கும் தனித்தனியாக.