‘கொலுசு’ என்று டைப் செய்தால் உடைகிறதே, ஏன்?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் எங்கள் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் செய்து செவ்வாய்பேட்டைக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆடிப்பெருக்குக்கு முன்னால் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட நானே ஒரு படம் தயாரித்தேன். பழைய போட்டோஷாப்பில் ‘கொலுசு’ என்று டைப் செய்தால் எழுத்து பிரிந்து பிரிந்து வருகிறது. வெள்ளி, அலுமினியம் மாதிரி தெரிகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்தெல்லாம் கலங்கிப்போகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று தொல்லைக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள். ஒன்றுதான் போட்டோஷாப்பின் உள்ளே இருக்கிறது. ஒன்று போட்டோ எடுக்கும்போதே வந்துவிட்டது, இன்னொன்று படத்தைச் சேமித்து அனுப்பும்போது வருகிறது. மூன்றுமே சரிசெய்யக் கூடியவைதான்.

முதலில் எழுத்து. ‘கொலுசு’ என்ற சொல்லே இதற்கு ஒரு நல்ல பரிசோதனை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுவாக இருக்கும் யூனிகோடு முறையில் ‘கொ’ என்பது முதலில் ‘க’, அதன் பின்னால் ஒகரக் குறி என்றுதான் பதிவாகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒற்றைக்கொம்பைக் ககரத்துக்கு இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைக்க வேண்டும். ‘லு’, ‘சு’ இரண்டும் உகரம் சேர்ந்ததும் தங்களுக்கென்று உள்ள தனி வடிவத்துக்கு மாற வேண்டும். இந்த வேலையைச் செய்வது மென்பொருளுக்குள் இருக்கும் எழுத்து இயந்திரம், அதாவது டெக்ஸ்ட் எஞ்சின். மாறிய வடிவங்கள் ஃபான்ட்டில் தயாராக இருக்கும். எதை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பது எஞ்சின். அதனால்தான் நீங்கள் எத்தனை ஃபான்ட் மாற்றினாலும் கொம்பு தப்பான பக்கத்திலேயே நின்றிருக்கும்.

பழைய போட்டோஷாப்பில் அந்த எஞ்சின் இந்திய மொழிகளுக்கு இருந்தும் அணைந்த நிலையில் இருக்கும். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் டைப் பகுதிக்குப் போங்கள். டெக்ஸ்ட் எஞ்சின் தேர்வில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். போட்டோஷாப்பை மூடித் திறந்து, புது ஃபைல் ஒன்றைத் தொடங்குங்கள். ஏற்கெனவே டைப் செய்த எழுத்து தானாகச் சரியாகிவிடாது. பிறகு பாராகிராஃப் பேனலின் மூலையில் இருக்கும் சின்ன மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி’ என்று தொடங்கும் தேர்வை வையுங்கள். இப்போது ‘கொலுசு’ என்று டைப் செய்தால் முழுசாக வரும்.

உங்கள் பதிப்பில் இந்தத் தேர்வே இல்லையென்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கிம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1995-இல் கலிஃபோர்னியாவில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய வேலை அது. 2025-இல் 3.0 பதிப்பு வந்துவிட்டது. அதில் தமிழ் எந்த அமைப்பையும் தொடாமலே சரியாக வரும். அங்கேயே முழுப் படத்தையும் செய்யலாம். அல்லது தமிழ் வரியை மட்டும் அங்கே செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, போட்டோஷாப்பில் ஒரு லேயராக, அதாவது மேலே ஓர் அடுக்காக வைக்கலாம்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் செய்து கொடுத்த ஃபைலில் மட்டும் எழுத்து சரியாக இருக்கிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் டைப் செய்திருப்பார். அதில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, கொம்பை முதலில், அப்புறம் ககரம், அப்புறம் கால் என்று தட்டுவார்கள். எஞ்சினுக்கு வேலையே இல்லை. ஆனால் உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகள். அந்த வரியை எடுத்து இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் ஒட்டினால் புரியாத ஆங்கிலக் குவியல்தான் வரும். இணையத்தில் போடும் எதையும் யூனிகோடிலேயே டைப் செய்யுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஒரே வரியைப் படத்திலும் கேப்ஷனிலும் தேடலிலும் பயன்படுத்த முடிவது உங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்குப் பெரிய வசதி.

ஃபான்ட் என்று பார்த்தால், கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், கேட்டமரன், அனெக் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். நகைக்கு என்றால் நான் நோட்டோ செரிஃப் தமிழைத்தான் எடுப்பேன். அதன் கோடு ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடிக்கும். கொலுசின் வளைவோடு அது இணங்கிப் போகிறது. தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்திலேயே உள்ள போல்டை இறக்கிக்கொள்ளுங்கள். மென்பொருளில் இருக்கும் போலி போல்டை அழுத்த வேண்டாம். எழுத்தைச் சுற்றி தடித்த அவுட்லைனும் வேண்டாம். இரண்டுமே ‘ழ’, ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் உள்வெளியை அடைத்துவிடும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் பழக்கம் ஆங்கிலத்துக்கு அழகு. தமிழில் கூட்டினால் கொம்பு தன் மெய்யை விட்டு விலகித் தனியாக நிற்கும். வரிகளுக்கு இடையே மட்டும் தாராளமாக விடுங்கள். எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும்.

புள்ளியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு நகைக்கடைக்குப் படம் செய்து இரவில் அனுப்பினேன். காலையில் என் போனில் பார்த்தால் ‘வெள்ளி’ என்ற சொல்லில் புள்ளி காணவில்லை, ‘வெளளி’ என்று நிற்கிறது. கணினித் திரையில் புள்ளி இருந்தது. மெல்லிய ஃபான்ட், சின்ன அளவு, அதற்கு மேல் ஒரு ஷேடோ எல்லாம் சேர்ந்து புள்ளியை விழுங்கிவிட்டன. அந்தக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு இன்றும் மனசு உறுத்துகிறது. 1080 பிக்சல் அகலமுள்ள படம் போனில் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. அப்படியென்றால் 40 பிக்சல் உயர எழுத்து இரண்டரை மில்லிமீட்டர்கூட வராது. அதற்குக் கீழே எந்தத் தமிழ் எழுத்தையும் வைக்காதீர்கள். வைத்தால் ‘மு’ எது, ‘மூ’ எது என்றே தெரியாது.

இனி வெள்ளி. என் பார்வையில் உங்கள் படத்தின் பெரிய குறை இதுதான். எடிட்டிங்கில் இதைப் பாதிதான் சரிசெய்ய முடியும். வெள்ளி ஒரு கண்ணாடி. அதன் எதிரே எது இருக்கிறதோ அதைத்தான் காட்டும். உங்கள் படத்தில் கொலுசின் மேல் பட்டியில் நீலம் தெரிகிறது. அது நீங்கள் போட்டிருந்த துணியாக இருக்கலாம். கீழே மஞ்சள், அது அறையின் பல்ப். நடுவில் ஒரு கறுப்புத் திட்டு, அது போன்.

பகல் நேரத்தில் ஜன்னல் ஓரமாக மேஜையைப் போடுங்கள். லைட்டையெல்லாம் அணைத்துவிடுங்கள், ஃபிளாஷும் கூடாது. ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள், வெயில் அதில் வடிந்து மெத்தென்று வரும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். இப்போது கொலுசு முழுக்க வெண்மையாகத் தெரியும். ஆனால் இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். எல்லாப் பக்கமும் வெள்ளையே பிரதிபலித்தால் உலோகம் பிளாஸ்டிக் மாதிரியோ அலுமினியம் மாதிரியோ ஆகிவிடும். வெளிச்சத்தை ஒட்டியே ஒரு கூர்மையான இருட்டுக்கோடு இருந்தால்தான் அது பளபளப்பு என்று நம் கண் புரிந்துகொள்கிறது. அதற்கு விரல் அகலத்தில் ஒரு கறுப்பு அட்டையை வெட்டி, தெர்மாகோலுக்கும் கொலுசுக்கும் நடுவே படத்தில் விழாதபடி பிடியுங்கள். மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒரு இடத்தில் சலங்கை ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய கறுப்பு வளையம் விழும். அந்த நொடியில் வெள்ளி உயிர் பெறும். அந்த இடத்தில் கையை நிறுத்தி, வேறொருவரைக் கிளிக் செய்யச் சொல்லுங்கள்.

அடியில் விரிக்க மங்கிய அரக்கு நிறமோ மயில் கழுத்துப் பச்சையோ உள்ள பருத்தித் துணி போதும். பட்டு மினுங்கும், கொலுசோடு போட்டி போடும். பின்னணி இருட்டாக இருந்தால் போன் கேமரா வெளிச்சத்தைத் தானாகக் கூட்டும், வெள்ளி வெளுத்துப்போகும். ஆகவே திரையில் கொலுசின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி எடுங்கள்.

இப்படி எடுத்த படத்துக்கு எடிட்டிங் கொஞ்சம்தான். வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்யும் லெவல்ஸைத் திறந்து, வலது முனை முக்கோணத்தை மிக வெளிச்சமான இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். சலங்கையின் செதுக்கு வேலை வெள்ளைக்குள் மறைந்துவிடக் கூடாது. இடது முனையை உள்ளே தள்ளினால் அந்தக் கறுப்பு வளையம் ஆழமாகும். ஏதாவது நிறச்சாயல் மிச்சமிருந்தால் கொலுசை மட்டும் செலக்ட் செய்து சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியைக் குறையுங்கள். எனாமல் பூ வைத்த கொலுசென்றால் அந்தப் பூவை விட்டுவிட்டுச் செய்ய வேண்டும். மின்னும் நட்சத்திரம் ஒட்டுவது வேண்டாம், தயவுசெய்து. அப்பா கையால் பற்றவைத்த ஒவ்வொரு வளையமும் தானே மின்னும்போது ஒட்டு நட்சத்திரம் அதை மறைத்துவிடும்.

படத்தின் அளவு: இன்ஸ்டாகிராமுக்கு 1080-க்கு 1350 பிக்சல், ஸ்டேட்டஸுக்கு 1080-க்கு 1920. ரெசல்யூஷன் 72-ஆ 300-ஆ என்று குழம்ப வேண்டாம். அது காகிதத்தில் அச்சடிக்கும்போதுதான் கணக்கு. இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைலில் தெரியும் கட்டங்கள் 2025-இல் சதுரத்திலிருந்து 3:4 அளவுக்கு மாறின. 1350 உயரப் படத்தில் அது இருபுறமும் ஏறத்தாழ 34 பிக்சலை வெட்டும். ஓரத்தில் 70 பிக்சல் காலியாக விட்டால் கவலையில்லை. ஸ்டேட்டஸில் மேலும் கீழும் 250 பிக்சல் போல விடுங்கள், அங்கே பெயரும் பதில் பெட்டியும் வந்து உட்காரும்.

உங்கள் படத்தில் ஆறு ஜோடிக் கொலுசு, மாரியம்மன் படம், ஏற்காடு மலைப் பின்னணி, போன் நம்பர் மூன்று இடத்தில், நேற்றைய விலை எல்லாம் இருக்கின்றன. ஒரு படத்துக்கு ஒரு ஜோடி போதும். ஆறு ஜோடி இருந்தால் ஆறு நாளுக்குப் படம் ஆயிற்று. கூகுளில் எடுத்த மலைப் படம் இன்னொருவர் சொத்து, அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். வெள்ளி விலை தினமும் மாறுகிறது, படமோ மாதக்கணக்கில் ஃபார்வர்டு ஆகும். ஆகவே படத்தில் எடையைக் கிராமில் போடுங்கள், டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு என்று போடுங்கள், ‘இன்றைய விலைக்கு அழையுங்கள்’ என்று முடியுங்கள். ஹால்மார்க் வாங்காத நகைக்கு அந்த முத்திரையை அலங்காரமாகக்கூட வைக்கக் கூடாது.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் கலங்குவது. நீங்கள் அரக்கு நிறத்தின் மேல் சிவப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஜேபெக் முறை படத்தைச் சுருக்கும்போது வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. வெளிச்ச விவரத்தை ஓரளவு காப்பாற்றுகிறது, நிறத்தை அநேகமாக நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துவிடுகிறது. அரக்குக்கும் சிவப்புக்கும் நிறத்தில்தான் வித்தியாசம், வெளிச்சத்தில் அதிகம் இல்லை. அந்த நிற வித்தியாசம் போனதும் எழுத்தின் ஓரம் கரைந்துவிடுகிறது. சந்தன நிறத்திலோ வெள்ளையிலோ எழுதிப் பாருங்கள், எத்தனை சுருக்கினாலும் தாங்கும். சோதிக்க எளிய வழி: படத்தின் ஒரு நகலைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். அதில் எழுத்து பளிச்சென்று படிக்க வந்தால் வாட்ஸ்அப்பிலும் வரும்.

ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வந்த ஃபைல் சிஎம்ஒய்கே முறையில் இருக்கும், அது அச்சுக்கானது. போனில் நிறம் மாறித் தெரியும். திரைக்கான ஆர்ஜிபி முறைக்கு மாற்றி, எஸ்ஆர்ஜிபி என்ற நிற ப்ரொஃபைலோடு, தரம் 90 வைத்து ஜேபெக்காகச் சேமியுங்கள். லேயர்கள் உள்ள மூல ஃபைலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் எடையை மட்டும் மாற்றினால் புதுப் படம் தயார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது எச்டி என்ற பொத்தானைத் தொடுங்கள். கடைக்காரர்களுக்கு அனுப்புவதென்றால் டாக்குமெண்டாக அனுப்பினால் சுருக்கமே நடக்காது. ஃபார்வர்டு ஆகி வந்த படத்தை இறக்கி மறுபடி எடிட் செய்ய வேண்டாம், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் தேய்ந்துகொண்டே போகும்.

போஸ்ட் செய்யும் முன் வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் திறந்து, வெளிச்சத்தைப் பாதியாக்கி, வாசலுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் கொடுங்கள். கேப்ஷனைப் படித்துக் காட்டாதீர்கள். எழுத்தை அவர் தானாகப் படிக்கிறாரா, திருகு எந்த மாடல், சலங்கை எத்தனை என்று படத்தைப் பார்த்தே சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லிவிட்டால் படம் தயார்.