பயாப்சியை "மறுபடி எம்பெட் பண்ணுகிறோம்" என்று லேபில் சொன்னால், மறுபடியும் சதை எடுப்பார்களா?

கேள்வியில் சொல்லியிருப்பது இதுதான். அப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு. பாறசாலையிலிருந்து மார்த்தாண்டம் வந்து காட்டியிருக்கிறீர்கள், சின்னதாக ஒரு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆறு நாளாகியும் ரிப்போர்ட் வரவில்லை. ஃபோன் பண்ணினால் "எம்பெடிங் சரியாக விழவில்லை, மறுபடி பண்ணுகிறோம்" என்கிறார்கள். அப்பா வாயில் மறுபடியும் வெட்டுவார்களா, எம்பெடிங் என்றால் என்ன, எதையாவது மறைக்கிறார்களா?

அந்த வார்த்தைக்கு அர்த்தம் மறுபடி வெட்டுவது இல்லை. எடுத்த துண்டு லேபில் மெழுகுக்குள் பத்திரமாக இருக்கிறது. மெழுகை உருக்கி, துண்டை வேறு பக்கமாகத் திருப்பி வைத்து, மறுபடி உறைய வைக்கிறார்கள், அவ்வளவுதான். நான் குழித்துறைப் பக்கம் ஒரு ஹிஸ்டோபதாலஜி லேபில், அதாவது உடம்பிலிருந்து எடுத்த திசுவைச் சோதிக்கிற லேபில், டெக்னீசியன். காலையில் போனதும் எனக்கு முதல் வேலையே எம்பெடிங்தான். மறைக்கிற லேபாக இருந்தால் கோணலாக வந்த சீவலை வைத்தே ஏதோ ஒன்றை எழுதி மூன்றாம் நாளே கையில் கொடுத்திருப்பார்கள். உங்களுக்கு உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது நல்ல லேபாகத்தான் தெரிகிறது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

துண்டு முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். 10 சதவீத ஃபார்மலின் என்று சொல்வோம், அதில் ஃபார்மால்டிஹைடு சுமார் 4 சதவீதம்தான். சதை அழுகாமல், செல்கள் இருந்தபடியே நிற்க இது வேண்டும். 1893-ல் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்துப் பார்த்தபோது தன் விரல் தோல் விறைத்துப்போனதைக் கவனித்தார். திசுவைப் பதப்படுத்த ஃபார்மலின் வந்தது அந்த வழியில்தான். ஃபார்மலின் உள்ளே இறங்க நேரம் எடுக்கும், துண்டைப்போல பத்து மடங்காவது திரவம் வேண்டும். இங்கே எங்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. சின்ன கிளினிக்குகளிலிருந்து குறுகிய வாய் கொண்ட டானிக் பாட்டிலில் கட்டியைத் திணித்து அனுப்புவார்கள். போகும்போது மெத்தென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஊறி விறைத்த பிறகு வெளியே வராது. பாட்டிலை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அகல வாய் டப்பா ஒன்று வாங்கி வைக்க எவ்வளவு ஆகிவிடப்போகிறது?

அப்புறம் பதாலஜிஸ்ட், அதாவது திசுவைப் பார்த்து நோயைச் சொல்கிற டாக்டர், துண்டை அளந்து, பார்த்து, தேவையானதை வெட்டி, எண் போட்ட பிளாஸ்டிக் கேசட்டில் வைப்பார். கேசட் இரவு முழுக்க பிராசஸர் மெஷினில் இருக்கும். முதலில் 70 சதவீதத்தில் தொடங்கி படிப்படியாகச் சுத்த ஆல்கஹால் வரை போய் திசுவிலுள்ள தண்ணீர் வெளியேறும். அடுத்து சைலீன் என்ற கரைப்பான், அது ஆல்கஹாலை வெளியேற்றும். கடைசியாக உருகிய பாரஃபின் மெழுகு, அது சைலீனின் இடத்தைப் பிடிக்கும். தண்ணீரும் மெழுகும் ஒன்றோடொன்று கலக்காது, அதனால்தான் இத்தனை சுற்று.

எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும். காற்றில் எப்போதும் ஈரம். சுத்த ஆல்கஹால் அந்த ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். அதனால் மயில்துத்தத்தை வறுத்து நீர் போக்கிய வெள்ளைப் பொடியை ஆல்கஹால் ஜாடியின் அடியில் போட்டு வைப்பது ஒரு பழைய பழக்கம். பொடி நீலமானால் ஆல்கஹாலில் தண்ணீர் ஏறிவிட்டது, மாற்ற வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் சைலீன் பால்போலக் கலங்கும், திசுவின் நடுவில் மெழுகு இறங்காது, வெட்டும்போது நடுப்பகுதி குழைந்து குழியாகும். அப்படி வந்த துண்டை வெறுமனே திருப்பி வைத்தால் போதாது. மெழுகை எடுத்து, வந்த வழியே சைலீன், ஆல்கஹால் என்று பின்னால் போய், மறுபடி முன்னால் வர வேண்டும். "மறுபடி பிராசஸ் பண்ணுகிறோம்" என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள், கூடுதலாக ஒரு நாளாவது ஆகும்.

இனி எம்பெடிங். மெஷினிலிருந்து வந்த கேசட்டைத் திறந்து, ஸ்டீல் மோல்டில் சூடான மெழுகு கொஞ்சம் ஊற்றுவோம். சுட வைத்த ஃபோர்செப்ஸால் துண்டை எடுத்து மோல்டின் அடியில் வைப்போம். மோல்டின் அடிப்பக்கம்தான் பிறகு கத்தி படுகிற முகம், அதனால் டாக்டர் பார்க்க வேண்டிய பக்கம் கீழே இருக்க வேண்டும். வைத்த கையோடு மோல்டை ஒரு நொடி குளிர்ந்த தட்டில் தொடுவோம். அடியில் மெழுகு மெல்லியதாக உறைந்து துண்டைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் துண்டு சாய்ந்துவிட்டால் சாய்ந்ததுதான். உடனே மேலே எண் போட்ட கேசட்டை வைத்து, மெழுகு நிரப்பி, முழுதாகக் குளிர வைப்போம். உறைந்து வருவதைத்தான் பிளாக் என்கிறோம். பழைய லேபுகளில் பித்தளையில் எல் வடிவத் துண்டுகள் இரண்டைச் சேர்த்துப் பெட்டிபோல் வைத்து மெழுகு ஊற்றுவார்கள். நான் படித்ததும் அதில்தான், இன்றைக்கும் சில இடங்களில் அதுதான் ஓடுகிறது.

அடுத்த துண்டுக்குப் போவதற்கு முன் ஃபோர்செப்ஸைத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் ஒருவருடைய திசுத் துணுக்கு இன்னொருவருடைய பிளாக்கில் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் சீஃப் யாரையும் விட மாட்டார், விடவும் கூடாது.

துண்டை எப்படி நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உங்கள் அப்பா விஷயமும் இங்கேதான் வருகிறது. ஏத்தங்காயைக் குறுக்கே சீவினால் ஒவ்வொரு வத்தலிலும் தோல், சதை, நடு எல்லாம் வட்டமாகத் தெரியும். பக்கவாட்டில் மேலாகச் சீவினால் வெறும் தோல்தான் வரும். திசுவும் அப்படித்தான். குடல்வால், ரத்தக்குழாய், கருக்குழாய் மாதிரி குழாயாக இருப்பதை நிற்க வைத்துக் குறுக்கே வெட்டினால்தான் சுவர் முழுவதும் வட்டமாகக் கிடைக்கும். தோலை விளிம்பில் நிறுத்த வேண்டும், அப்போதுதான் மேல்தோல், அதற்குக் கீழே உள்ள அடுக்கு, கொழுப்பு எல்லாம் ஒரே சீவலில் வரிசையாக வரும். நீர்க்கட்டியின் சுவரும் அதேபோல விளிம்பில்தான். கருப்பையைச் சுரண்டி எடுத்தது துகள் துகளாக வரும், அதற்கு நிறுத்தல் கிடையாது, நடுவில் ஒன்றாகக் கூட்டினால் போதும்.

வாயின் உள்தோலும் விளிம்பில் நிற்க வேண்டியதுதான். அந்த வெள்ளைத் திட்டில் டாக்டர் தேடுகிற முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மேலடுக்கில் மாறியிருக்கிற செல்கள் அங்கேயே நிற்கின்றனவா, மேலடுக்குக்கு அடியில் இருக்கிற மெல்லிய அடித்தளச் சவ்வைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டனவா? இறங்காவிட்டால் ஒரு வைத்தியம், இறங்கியிருந்தால் முற்றிலும் வேறு வைத்தியம். மேலடுக்கின் அடிப்பக்கம் சமமாக இருக்காது, அங்கங்கே ஆழமாக இறங்கியிருக்கும். துண்டு நேராக நின்றால் அந்த இறக்கங்கள் மேலடுக்கோடு சேர்ந்தே தெரியும். துண்டு சாய்ந்து படுத்திருந்தால் கத்தி அவற்றின் நுனியை மட்டும் சீவும். அப்போது கீழே இணைப்புத் திசுவுக்கு நடுவில் தனித்தனியாகத் திட்டுகள் கிடப்பதுபோல் தெரியும். புற்று உள்ளே இறங்கிவிட்டதோ என்று சந்தேகப்பட வைக்கும் தோற்றம் அது. உண்மையில் இறங்கியிருக்காது, வெட்டின கோணம்தான் அப்படிக் காட்டும். பொறுப்பான பதாலஜிஸ்ட் இந்த மாதிரி ஸ்லைடை வைத்து முடிவு சொல்ல மாட்டார். "இதைத் திருப்பி வை" என்று பிளாக்கை எங்களிடம் அனுப்புவார். உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

துண்டு எவ்வளவு சிறியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். சில சமயம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஃபார்மலினில் ஊறி வந்தபின் எல்லாம் ஒரே வெளிறிய நிறம், எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. பதாலஜிஸ்ட் முன்கூட்டியே ஒரு பக்கம் மை தொட்டு வைத்திருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. கை எவ்வளவு பழகியிருந்தாலும் சில துண்டுகள் மெழுகில் சுருண்டுகொள்ளும்.

மறுபடி எம்பெட் பண்ணுவதற்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பிளாக்கை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் பூட்டி 3 அல்லது 4 மைக்ரான் கனத்தில் சீவுவோம் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு சிவப்பணுவின் விட்டமே 7 மைக்ரானுக்கு மேல் இருக்கும், அதில் பாதி கனம். ஆனால் அந்த மெல்லிய சீவலுக்கு முன்னால் முகத்தைச் சமன் செய்ய கனமாகக் கொஞ்சம் சீவித் தள்ள வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை திருப்பி வைக்கும்போதும் அந்தச் செலவு மறுபடி வரும். சீவிப் போனது போனதுதான். பெரிய துண்டில் இது பொருட்டே இல்லை. மிகச் சிறிய துண்டாக இருந்து, சரியான பக்கம் முழுக்கச் சீவிப் போயிருந்தால், ரிப்போர்ட்டில் "போதுமான திசு இல்லை" என்று வரலாம். அப்போது மட்டும்தான் புதிதாக எடுப்பதைப் பற்றிப் பேச்சு வரும். நாளை ஃபோன் பண்ணும்போது "பிளாக்கில் திசு மிச்சம் இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். பதில் சொல்வார்கள்.

இன்னும் ஒன்று. நம் பக்கத்து ஆட்கள் ரிப்போர்ட் எப்படி வந்தாலும் ஒருமுறை திருவனந்தபுரம் ஆர்சிசியில் (மண்டலப் புற்றுநோய் மையம்) காட்டிவிடலாம் என்று நினைப்பார்கள். உங்களுக்கு பாறசாலையிலிருந்து பக்கம்தான். அப்படிப் போவதாக இருந்தால் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வெளியே செய்த பயாப்சியைப் பெரிய மருத்துவமனைகளில் அவர்களுடைய பதாலஜிஸ்டும் ஒருமுறை பார்ப்பது வழக்கம், அதற்கு ஸ்லைடும் பிளாக்கும் வேண்டும். ஸ்லைடில் இருப்பது ஏற்கெனவே வெட்டின சீவல்தான். சிறப்புச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் பிளாக்கிலிருந்துதான் புதிதாக வெட்ட முடியும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் கோபிப்பார்களோ என்ற தயக்கமே வேண்டாம்.

ஒரு பெரியவர் மனைவியின் பிளாக்கை வாங்க வந்தார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மோளே, எனக்க பெண்டாட்டிக்க கட்டி இதுக்குள்ள தானா இருக்கு? பஸ்ஸுல போவும்போ உருகிராதா?" என்று கேட்டார். "உருகாது மாமா, வெயில்ல மட்டும் வைக்காதீங்க" என்றேன். அதைக் கர்ச்சீப்பில் சுற்றி வேட்டி மடியில் செருகிக்கொண்டார். உடம்புச் சூட்டுக்கு ஒன்றும் ஆகாது, லேபில் பயன்படுத்துகிற மெழுகு உருக 56 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாண்டிவிடும், அங்கே வைக்காதீர்கள். பைக் சீட்டுக்கு அடியிலும் வேண்டாம். ஒருவேளை மெழுகு இளகி வழிந்துவிட்டாலும் பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கிற திசுவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அங்கேயும் மறுபடி எம்பெட் பண்ணிக்கொள்வார்கள். கேசட்டில் எழுதியிருக்கிற எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் லேபை விட்டு வெளியே வருவதற்கு முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.