பிள்ளையின் கண்ணுக்குக் கரட்டா, பப்பாசியா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறோம். மகளுக்கு ஆறு வயது. வகுப்பில் கரும்பலகையில் எழுதுவது மங்கலாகத் தெரிகிறது என்கிறாள். தினமும் காலையில் வெறுவயிற்றில் ஒரு கிளாஸ் கரட் சாறு கொடுக்கும்படி மாமி சொல்கிறார். எங்கள் வீட்டில் பப்பாசிதான் அடிக்கடி இருக்கும். இரண்டும் ஒரே நிறம், ஒரே சத்துத்தானே என்கிறார் கணவர். கரட்டுக்குப் பதிலாகப் பப்பாசி போதுமா? மாமிக்கு நீரிழிவு உண்டு. அவர் இரண்டில் எதைச் சாப்பிடலாம்? கணவர் சிகரெட் பிடிப்பவர். அவருக்குப் பீட்டா கரோட்டின் குளிசை வாங்கிக் கொடுப்பது நல்லதா?

பதில்: சாப்பாட்டுக்கு முன்னால் மகளின் கண்ணைப் பார்ப்போம். தூரத்து எழுத்து மங்கலாகவும் கிட்டத்து எழுத்து தெளிவாகவும் தெரிந்தால் அது பெரும்பாலும் குறும்பார்வை. கண்கோளம் சற்று நீண்டுவிடுவதால் விம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. எவ்வளவு கரட் தின்றாலும் அந்த நீளம் குறையாது. அதற்குக் கண்ணாடிதான் வேண்டும். விற்றமின் ஏ குறைந்த பிள்ளையிடம் காணும் அறிகுறி வேறு. பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்கியதும் பிள்ளை தட்டுத் தடுமாறும், வெளிச்சத்தில் இருந்து இருட்டறைக்குள் போனால் கதவு நிலையில் இடிக்கும், கண்ணின் வெள்ளை வறண்டு மினுக்கம் இழந்திருக்கும். மகளுக்கு இவை இல்லாவிட்டாலும் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். கொழும்பிலேயே தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. சாறு கொடுத்துப் பார்ப்போம் என்று மூன்று மாதம் காத்திருந்தால், அந்த மூன்று மாதமும் அவள் கரும்பலகையைப் பார்க்காமலே பாடம் கேட்பாள்.

இனி உங்கள் கணவரின் 'ஒரே நிறம், ஒரே சத்து' என்ற கணக்குக்கு வருவோம். நிறத்தைத் தருவது இரண்டிலும் கரோட்டினொயிட்டுகள்தான். ஆனால் அளவும் வகையும் வெகுதூரம் வேறுபடுகின்றன. பச்சைக் கரட் 100 கிராமில் பீட்டா கரோட்டின் ஏறக்குறைய 8,300 மைக்கிரோகிராம் இருக்கிறது. அதே எடைப் பப்பாசிப்பழத்தில் இருப்பது ஏறக்குறைய 275தான். உணவிலுள்ள பீட்டா கரோட்டின் 12 பங்கை உடல் விற்றமின் ஏ ஒரு பங்காக மாற்றிக்கொள்கிறது என்பது பொதுக் கணக்கு. மற்றக் கரோட்டின்களையும் சேர்த்துப் பார்த்தால் 100 கிராம் கரட் 835 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ தருகிறது, 100 கிராம் பப்பாசி 47 மைக்கிரோகிராம் தருகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டியது 400. கரட்டில் 50 கிராம் போதும். பப்பாசியில் அதை எடுக்க முக்கால் கிலோவுக்கும் மேல் வேண்டும்.

அட்டவணையில் உள்ள எண் அப்படியே இரத்தத்தில் சேர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கரட்டில் கரோட்டின் சிறு பளிங்குகளாக, தடித்த கலச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பப்பாசியில் அது மென்மையான சதைக்குள் பாதி கரைந்த நிலையில் இருப்பதால், ஏறக்குறைய மூன்று மடங்கு இலகுவாகக் குடலில் உறிஞ்சப்படுகிறது. அந்த மூன்று மடங்கைக் கொடுத்தாலும் பப்பாசியின் 47 என்பது 140 அளவுக்குத்தான் வரும். அது கரட்டின் எண்ணில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே விற்றமின் ஏக்காக மட்டும் கேட்டால் கரட்டின் இடத்தைப் பப்பாசி நிரப்பாது. கரட் விலை ஏறியிருக்கும் வாரத்தில் பூசணிக்காய் வாங்குங்கள். 100 கிராமில் ஏறக்குறைய 400 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ கிடைக்கும். முருங்கை இலையும் கிட்டத்தட்ட அதே அளவு தரும்.

விற்றமின் சீயில் கதை தலைகீழ். 100 கிராம் பப்பாசியில் 60 மில்லிகிராமுக்குச் சற்று மேல், கரட்டில் வெறும் 6. மகளுக்கு நாளைக்கு வேண்டிய 25 மில்லிகிராமை 40 கிராம் பப்பாசித் துண்டு கொடுத்துவிடும். கரட்டில் எடுக்க 400 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும், அதுவும் பச்சையாக. சமைத்தால் அந்த ஆறிலும் ஒரு பகுதி போய்விடும். போலேற்று என்ற பி வகை விற்றமினும் பப்பாசியில் கரட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நார்ச்சத்தில் கரட் முன்னால் நிற்கிறது: 2.8 கிராம், பப்பாசியில் 1.7. சக்தி இரண்டிலும் 40 கிலோகலோரி சொச்சம்தான். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ரெட் லேடி போன்ற சிவப்புச் சதைப் பப்பாசியில் தக்காளியில் உள்ள லைக்கோப்பீனும் இருக்கிறது. மஞ்சள் சதைப் பழத்தில் அது அநேகமாக இல்லை. லைக்கோப்பீன் விற்றமின் ஏயாக மாறாது என்பதால், பழம் சிவக்கச் சிவக்கக் கண்ணுக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம்.

பலர் பிழைவிடும் இடம் குசினிதான். கரட்டைத் துண்டுதுண்டாக நறுக்கிப் பச்சையாகக் கடிக்கக் கொடுத்தால் கரோட்டினில் பெரும்பகுதி கலச் சுவரை விட்டு வெளியே வராமலே மலத்தோடு போய்விடும். துருவுவதும் வேகவைப்பதும் அந்தச் சுவரை உடைக்கின்றன. கரோட்டின் கொழுப்பில் கரைவது, ஆகவே அதே வேளைச் சாப்பாட்டில் கொஞ்சம் கொழுப்பும் இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் அளவே போதும். நம் வீட்டுக் கரட் சம்பல் இதற்கு அருமையான அமைப்பு: மெல்லிய கண்ணில் துருவிய கரட், அதில் பாதியளவு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், உப்பு, கடைசியில் தேசிக்காய்ப்புளி. பால்கறியும் அப்படித்தான். தண்ணீரில் அவித்து எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்க்காமல் கொடுப்பதைவிட இவை எவ்வளவோ மேல். வீட்டில் நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையும் இருந்தால், வட்டமாக வெட்டிய பச்சைக் கரட் தொண்டையில் அடைக்கும். அவர்களுக்குத் துருவியோ மசித்தோ மட்டும் கொடுங்கள்.

பப்பாசியை வெட்டியவுடன் பச்சையாகச் சாப்பிடுவது நல்லது. மகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தால், கீரையோ பருப்போ சேர்ந்த சோற்றுக்குப் பின் இரண்டு துண்டு பப்பாசி கொடுங்கள். அதிலுள்ள விற்றமின் சீ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்ச உதவும். அதே சாப்பாட்டோடு பிளேன்ரீ குடித்தால் தேயிலையின் தனின் அந்த இரும்பைப் பிடித்துவைத்துவிடும். தேநீருக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மாமி சொன்ன காலைச் சாறு எனக்கு உடன்பாடில்லை. ஒரு கிளாஸுக்கு 400 கிராம் அளவு கரட் போகும். சக்கையை வடித்து எறியும்போது நார் போய்விடுகிறது, மிஞ்சுவதில் 20 கிராமுக்குக் கிட்டிய இயற்கைச் சீனி. அதன்மேல் வேறு சீனி போடுவோரும் உண்டு. வெறுவயிற்றில் குடிப்பதால் கொழுப்பும் கூட இல்லை, கரோட்டின் சரியாகச் சேராது. தினமும் நிறையக் கொடுத்துவந்தால் சில வாரங்களில் பிள்ளையின் உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி மஞ்சளாகும். பலர் மஞ்சட்காமாலை என்று பயந்து ஓடிவருவார்கள். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெண்மையாகவே இருந்தால் கரோட்டின் படிவுதான், கரட்டைக் குறைத்தால் மெதுவாக மறையும். கண் வெள்ளையும் மஞ்சளித்திருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமி நீரிழிவோடு இரண்டையும் சாப்பிடலாம். கரட் 100 கிராமில் சீனி 5 கிராமுக்குள், பப்பாசியில் 8 கிராமளவு. கரட்டைக் கறியாகவோ சம்பலாகவோ சாப்பிட்டால் அளவைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. பப்பாசியைத் தோலும் விதையும் நீக்கி 150 கிராமுக்குள் ஒரு வேளைக்கு என்று வைத்துக்கொள்ளட்டும். அதில் மாச்சத்து மொத்தம் 16 கிராம், அன்றைய ஒரு பழப் பங்கு அத்தோடு முடிந்தது. சோறு நிறையச் சாப்பிட்ட கையோடு வேண்டாம், பத்து மணிக்கோ நாலு மணிக்கோ சாப்பிடட்டும். வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள், அவருடைய உடலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தெரிந்துவிடும். ஒன்றை அவசியம் கேட்டு வையுங்கள்: அவருக்குச் சிறுநீரகப் பாதிப்பு உண்டா? இருந்து, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், 100 கிராம் கரட்டில் 320 மில்லிகிராம், அதே எடைப் பப்பாசியில் 180 என்பதை நினைவில் வைத்து, கரட்டை மெல்லியதாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள்.

கணவருக்குக் குளிசை வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பின்லாந்தில் புகைப்பிடிக்கும் ஆண்கள் 29,000க்கு மேற்பட்டோரில் நடந்த ஆய்வின் முடிவு 1994 இல் வெளியானது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் குளிசை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் எடுக்காதவர்களைவிட அதிகமாக வந்திருந்தது. சாதாரண அளவில் சமைத்துச் சாப்பிடும் கரட்டால் இப்படி ஒரு தீங்கு காணப்படவில்லை. புகைப்பவருக்கு விற்றமின் சீதான் கூடுதலாகத் தேவை: ஆணுக்கு வழக்கமான 90 மில்லிகிராமுக்கு மேல் இன்னும் 35. 200 கிராம் பப்பாசி அதைக் கொடுத்துவிடும். ஆனால் புகை நுரையீரலுக்குச் செய்வதை எந்தப் பழமும் ஈடுசெய்யாது. சிகரெட்டை விட அவர் தயாரென்றால் அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள்.