ஏற்காட்டிலிருந்து கேட்ட சகோதரிக்கு: சூட்டு வலியா, பிரசவ வலியா?

வணக்கம் சகோதரி. 38ஆவது வாரத்தில் மாலையானால் வயிறு கல்லாக இறுகுகிறது, சேலத்துக்கு எப்போது இறங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

தண்ணீர் குடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்ததும் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது என்று எழுதியிருப்பதால், அது பெரும்பாலும் சூட்டு வலியாகவே, அதாவது பிரசவம் தொடங்காமலே வந்து போகும் பொய் வலியாகவே இருக்கும். பிரசவ வலி ஓய்வெடுத்தாலும் அடங்காது; பலருக்கு இடுப்பின் பின்புறம் தொடங்கி அடிவயிற்றுக்குச் சுற்றி வரும், விட்டு விட்டு வந்தாலும் இடைவெளி குறைந்துகொண்டே போகும், உச்சத்தில் பேச்சே நின்றுவிடும். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரையிலான நேரத்தை, கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்திலாவது குறித்து வையுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்படலாம் என்பது மருத்துவமனைக்கு அருகில் இருப்பவர்களுக்கான கணக்கு. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டிய நீங்கள் அதுவரை காத்திருக்காமல், வலி சீராக வரத் தொடங்கியதுமே இறங்கிவிடுங்கள். இரண்டாவது பிரசவம் என்றால் இன்னும் விரைவு தேவை.

பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தப்போக்கு இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, வலியே இல்லாவிட்டாலும் உடனே 108ஐ அழையுங்கள். சேலத்தில் உறவினர் வீடு இருந்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இந்த வாரமே அங்கு வந்து தங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.